அந்த த்ராட்டில் பாடிமேல் பழி போடாதே

மக்கா,

நீ திறக்கப்போகிற கார் ரிப்பேர் கடைக்காக அனுப்பிய நோட்டீஸ் வந்து சேர்ந்தது. அச்சுக்குக் கொடுக்குமுன் எழுத்துப் பிழை பார்த்து அனுப்பச் சொல்லியிருந்தாய். பார்த்துவிட்டேன். மூன்று இடத்தில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது, தொழிலகம் என்பதில் 'ழி' போய் 'லி' வந்திருக்கிறது. சிவப்பு மையில் திருத்தி இதோடு வைத்திருக்கிறேன். ஆனால் இரண்டாம் பக்கத்தில் சொந்த அனுபவம் என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறாயே, அதை எந்த மையால் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆரல்வாய்மொழி ரோட்டில் நீயும் அப்பாவும் மயிரிழையில் உயிர் தப்பினீர்களாம். வேலை தெரியாத ஒரு மெக்கானிக் சின்ன த்ராட்டில் பாடியை மாற்றாமல் விட்டதால் வண்டி வேகம் ஏறவில்லையாம். பெரியதை மாட்டிய அன்றே ஏறிவிட்டதாம். அதனால் சூப்பர்சார்ஜர் வைத்த வண்டி எதுவானாலும் பெரிய த்ராட்டில் பாடி கட்டாயம் என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாய். போதாததற்கு, கோயம்புத்தூரில் கடை திறக்கும் அன்று நான் மைக்கைப் பிடித்து இந்தக் கதையை நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்று வேறு கேட்டிருக்கிறாய்.

அந்தப் பக்கத்தை அச்சடிக்காதே. காரணத்தைப் போனில் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை கூப்பிட்டேன். நாலு தடவையும் "அப்பா, ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு நீ வேறு யாரிடமோ ஸ்பானர் கேட்டுக்கொண்டிருந்தாய். அந்த ஒரு நிமிடம் முடியும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. கடிதமே மேல் என்று உட்கார்ந்துவிட்டேன். பாதியில் உனக்குக் கோபம் வரும். வந்தாலும் முடிவுவரை வாசித்துவிட்டுப் பிறகு எழுந்து போ. வாசித்தபின் இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

நீ அந்தச் சிவப்புக் காரை வாங்கிக்கொண்டு வந்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. வேலைக்குப் போகிற பிள்ளை, வாங்கட்டும் என்றுதான் இருந்தேன். அதற்குள் ஒரு சூப்பர்சார்ஜரை வைக்கப் போகிறேன் என்று நீ சொன்ன நாளில்தான் எனக்குப் பயம் வந்தது. எஞ்சின் தானாக இழுக்கிற காற்று போதாதாம். பெல்ட்டில் சுற்றுகிற ஒரு பம்பை வைத்து இன்னும் காற்றைத் திணிக்க வேண்டுமாம். சாப்பிட உட்கார்ந்தபோது உன் அம்மைக்கு அதை விளக்கினாய். அவள் புளிக்குழம்பை ஊற்றிக்கொண்டே, "அந்த வண்டிக்கு இப்பம் மூச்சு முட்டுதா?" என்று கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான். மார்த்தாண்டம் சந்தைக்கும் தக்கலை தாலுகா ஆபீசுக்கும் போய்வருகிற வண்டிக்கு எதற்கு இந்தப் பவர் என்று கேட்டால், ரோட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியாது என்றாய். இருபத்தேழு வருடம் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ் ஓட்டியவனிடம் சொன்ன வார்த்தை இது. நினைத்தால் இப்போதும் எரிகிறது.

மார்த்தாண்டத்தில் தாசையன்தான் அதை மாட்டிக் கொடுத்தான். வளைகுடாவில் பன்னிரண்டு வருடம் பெரிய பெரிய கார்களில் வேலை பார்த்துத் திரும்பியவன். அதிகம் பேசமாட்டான். த்ராட்டில் பாடியையும் பெரிதாக மாற்றவேண்டுமா என்று நீ அப்போதே அவனிடம் கேட்டாய். இந்தச் சின்னப் பம்புக்கு இருப்பதே தாராளம், பெரியதைப் போட்டால் வண்டி நிற்கும்போது எஞ்சின் நிதானமாக ஓடாது என்று அவன் சொன்னான். அது என்ன பொருள் என்று எனக்கும் விளக்கினான். எஞ்சினுக்குள் காற்று போகிற குழாய்க்கு ஒரு வாய் இருக்கிறது. அந்த வாயில் வட்டமாக ஒரு தகடு. ஆக்சிலேட்டரை மிதித்தால் கேபிள் இழுத்துத் தகடு திறக்கும், காலை எடுத்தால் மூடும். அந்த வாயையும் தகட்டையும் சேர்த்துத்தான் த்ராட்டில் பாடி என்கிறார்கள். பஸ் ஓட்டியவனுக்கு இதில் புரியாமல் போக ஒன்றும் இல்லை. புரிந்துகொண்டதுதான் வினையாகப் போயிற்று.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். வேலை முடிந்து வண்டி வீட்டுக்கு வந்த அன்று மதியம் நீ படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். நான் பழைய டயரிலிருந்து ஒரு துண்டு ரப்பரை அறுத்தேன். ஒன்றரை விரல் கனம் இருக்கும். கார்க் கதவைத் திறந்து, தரை விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, ஆக்சிலேட்டருக்கு நேர் கீழே அதை வைத்து ஒட்டி, விரிப்பைப் பழையபடி இழுத்துவிட்டேன். இனி நீ எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் மிதி பாதியைக் கொஞ்சம் தாண்டி நின்றுவிடும். தரையைத் தொட்டுவிட்டது என்றே காலுக்குத் தோன்றும். தகடு முழுக்கத் திறக்காது. நீ வேகமாகப் போகமாட்டாய். நான் நிம்மதியாகத் தூங்குவேன். கணக்கு அவ்வளவுதான். உன் அம்மை பயந்து சொன்னதால்தான் செய்தேன் என்று இந்த இடத்தில் முதலில் எழுதியிருந்தேன். அவள் வாசித்துவிட்டு, "நான் எப்பம் சொன்னேன்?" என்று கேட்டு அந்த வரியைத் தன் கையாலேயே அடித்துவிட்டாள். அவள் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன்.

இதில் எனக்கே பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. இந்த வித்தை எனக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? நான் ஓட்டிய பஸ்ஸின் முதலாளி டீசல் மிச்சம் பிடிப்பதற்காக ஆக்சிலேட்டருக்கு அடியில் இதேபோல ஒரு போல்ட்டை முறுக்கி வைத்திருந்தார். ஒருநாள் லாரி ஒன்றை முந்தும்போது பாதியில் வண்டி இழுக்காமல், அறுபது பேரை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மறுநாள் காலையில் முதலாளியிடம் போய், போல்ட்டைக் கழற்றாமல் வண்டியைத் தொடமாட்டேன் என்றேன். ரெண்டு நாள் வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். மூன்றாம் நாள் கழற்றினார். ஓட்டுகிறவனுக்குச் சொல்லாமல் அவன் காலுக்கு அடியில் கை வைப்பவனைப் போல ஒரு பாவி கிடையாது என்று அன்று பஸ் ஸ்டாண்டில் நின்று கத்தினவன் நான். அதே நான்தான் உன் காலுக்கு அடியில் வைத்தேன். முதலாளி டீசலுக்காகச் செய்தார், நான் பாசத்துக்காகச் செய்தேன் என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வண்டிக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

அதற்குப் பிறகு நீ பட்ட எரிச்சலை ஒரு மாதம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். காற்றழுத்தம் காட்டுகிற அந்தச் சின்ன மீட்டரில் முள் ஏழுக்குப் போகவேண்டும், நாலைத் தாண்டவில்லை. மூன்று தடவை தாசையனிடம் கொண்டுபோனாய். அவன் எஞ்சின் பக்கம் நின்று கையால் கேபிளை இழுத்துப் பார்ப்பான். அங்கிருந்து இழுத்தால் தகடு முழுக்கத் திறக்கத்தானே செய்யும்? மூன்று தடவையும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றான். மூன்று தடவையும் நீ முகத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாய். நான் பேப்பர் வாசிப்பதுபோல இருந்தேன்.

பிறகு அந்த ஆவணி மாதம் வந்தது. திருநெல்வேலியில் என் தங்கை மகளின் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு நாம் இரண்டு பேரும் புறப்பட்டோம். ஆரல்வாய்மொழியில் காற்று காரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. முன்னால் காற்றாலை இறக்கை ஒன்றை ஏற்றிக்கொண்டு நீளமான டிரெய்லர் போய்க்கொண்டிருந்தது. அந்த இடத்தில் நீ முந்தியிருக்கவே கூடாது. இதைக் கல்லறைக்குப் போகும்வரை சொல்வேன். எத்தனை கார் நீளம் அந்த இறக்கை, எதிரே வளைவு, குறுக்கே காற்று. ஆனாலும் நீ வலது பக்கம் எடுத்தாய். இறக்கையின் நடுப்பகுதி வரை வந்தோம். எதிரே ஒரு பஸ் தெரிந்தது. நீ மிதித்தாய். உன் தொடை நடுங்குவதை நான் பார்த்தேன், அவ்வளவு அழுத்தி மிதித்தாய். வண்டி அந்த இறக்கையின் பக்கத்திலேயே ஊர்ந்தது.

"அப்பா, கேறல்ல. முழுசா மிதிச்சிருக்கேன், கேறல்ல" என்றாய்.

எனக்குத் தெரியும், மக்கா. ஏன் ஏறவில்லை என்று அந்தக் காருக்குள் எனக்கு மட்டும்தான் தெரியும். வாய் வரவில்லை. வந்திருந்தாலும் அந்த நேரத்தில் என்ன பிரயோசனம்? டிரெய்லர் டிரைவர் பிரேக் போட்டான், பஸ் டிரைவர் மண்ணில் இறக்கினான், நீ பின்வாங்கி இறக்கையின் பின்னால் புகுந்தாய். வலது பக்கக் கண்ணாடி மட்டும் போயிற்று. பஸ் டிரைவர் இறங்கிவந்து கேட்ட கேள்விக்கெல்லாம் நான் கைகூப்பிக்கொண்டு நின்றேன். நீ காரைவிட்டு இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாய். பால்காய்ப்புக்குப் போகாமல் திரும்பி வந்தோம். வழியில் நீ ஒரே ஒரு தடவைதான் பேசினாய், உங்களைக் கொன்றிருப்பேனே அப்பா என்று. அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

மறுநாள் காலையில் தாசையன் கடைக்குப் போனாய். நானும் கூட வந்தேன். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்கள் எல்லாரும் கேட்கும்படி நீ சொன்ன வார்த்தை எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"ஒமக்கு இந்த வேல தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். எனக்க அப்பாவ கொல்லதுக்கா இத செஞ்சீரு?"

தாசையன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "தம்பி, நீயே இழுத்துப் பாரு. தகடு முழுசாத்தான் தெறக்குது. இதுக்கு மேல நான் என்ன செய்ய?" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். வயதில் மூத்தவன், பஸ் ஓட்டியவன், நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பான். நான் உன் தோளைப் பிடித்து, வா போவோம் என்று கூட்டிவந்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

நீ பெரிய த்ராட்டில் பாடி வாங்கப் பஸ்ஸில் கோயம்புத்தூர் போன அன்று அந்த ரப்பரைப் பிடுங்கி எடுத்து அடுப்பில் போட்டேன். உன் அம்மை நாற்றம் என்ன என்று கேட்டதற்குச் செருப்பு என்றேன். நீ வந்து, புதியதை மாட்டி, வண்டியை எடுத்துக்கொண்டு போனாய். அரைமணி நேரத்தில் திரும்பி வந்தாய். முள் ஏழைத் தொட்டுவிட்டது என்று வாசலிலிருந்தே சொன்னாய். தொடாமல் என்ன செய்யும்? அன்று கோழி வாங்கி வந்து, கூட்டாளிகளைக் கூப்பிட்டு, பழைய சின்ன த்ராட்டில் பாடியை மேசைமேல் வைத்து இதுதான் குற்றவாளி என்று காட்டினாய். நான் நல்லது மக்கா என்றேன். அந்த இரண்டு வார்த்தையில் ஆரம்பித்த பொய் இப்போது நோட்டீஸ்வரை வந்து நிற்கிறது.

பெரியதை மாட்டியபின் அந்த வண்டி என்ன பாடுபடுத்தியது என்பதையாவது நீ யோசித்திருக்கலாம். மார்த்தாண்டம் சந்திப்பில் நெரிசலில் நின்றால் எஞ்சின் ஏறி இறங்கி ஏறி இறங்கி இருமிக்கொண்டிருக்கும். காலால் தொட்டாலே தவளைபோலப் பாயும். உன் அம்மைக்குக் கழுத்துவலி வந்ததே இதனால்தான். கேட்டால், பெரிய வாய் என்றால் அப்படித்தான், பழகிக்கொள்ளுங்கள் என்றாய். நீ பெங்களூருக்கு வேலைக்குப் போய் வண்டியை என்னிடம் விட்டபிறகு நான்தான் பழகிக்கொண்டேன். பழகுவதற்கு எனக்குக் காரணம் இருந்தது.

நீ எட்டாம் வகுப்பில் படித்தபோது பள்ளிக்கூடத்தில் மூணாறுக்குச் சுற்றுலா போனார்கள். ஆசிரியர் உன் பெயரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அந்த மலைப்பாதை எனக்குத் தெரியும் என்பதால் நான்தான் அவரைத் தனியாகப் பார்த்து, இவனை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அந்த வருடம் முழுக்க அவர் உன்மேல் வன்மம் வைத்திருக்கிறார் என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய். அவர் எதிரே வந்தால் தெருவையே மாற்றினாய். இப்போது எழுதும்போதுதான் பார்க்கிறேன், நான் பயந்தபோதெல்லாம் உன்னை நேராகத் தடுக்கவில்லை. உன்னிடம் சண்டைபோட எனக்குத் தைரியம் இல்லை. பின்பக்கமாகப் போய் ஏதோ செய்துவிட்டு, அதற்கான பழியை யாராவது சுமக்கும்படி விட்டிருக்கிறேன். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால் வேண்டாம் என்பதை அதன் முகத்துக்கு நேரே சொல். அது அழும், கதவைச் சாத்தும், ரெண்டு நாள் சாப்பிடாது. பரவாயில்லை.

நோட்டீஸை வாசித்த மறுநாளே பரணில் கிடந்த பழைய த்ராட்டில் பாடியை எடுத்துக்கொண்டு தாசையன் கடைக்குப் போனேன். ஆறு வருடத்துக்குப் பிறகு போகிறேன். வா அண்ணாச்சி என்று சொல்லி ஸ்டூலைத் தள்ளிக் கொடுத்தான். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவன் கோபப்பட்டுக் கத்துவான் என்று தயாராகத்தான் போயிருந்தேன். கத்தவில்லை. நான் கொண்டுபோன த்ராட்டில் பாடியை வாங்கித் தகட்டை விரலால் திறந்து மூடிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, அந்தக் கேபிள மூணு தடவ கழத்தி மாட்டினேன்" என்றான். "எனக்க கையிலதான் என்னமோ போயிட்டுன்னு நெனச்சேன். அதுக்குப் பொறவு இந்த மாதிரி வேல ஒண்ணும் எடுக்கல்ல, பாத்துக்கோங்க."

அவன் கடையில் இப்போது ஆயில் மாற்றுவதும் பிரேக் பார்ப்பதும்தான். பன்னிரண்டு வருடம் அயல்நாட்டில் கற்றதை நம் வீட்டு ரப்பர்த் துண்டு ஒன்று மூடிவைத்துவிட்டது. வண்டியைக் கொண்டுவரச் சொன்னான். பழைய சின்னதையே மாட்டினான். இரண்டு பேருமாக ஆரல்வாய்மொழிக்குப் போனோம். ரோடு காலியாக இருந்த இடத்தில் நான் முழுக்க மிதித்தேன், அவன் மீட்டரைப் பார்த்தான். முள் ஏழுக்கு மயிரளவு கீழே நின்றது. "பெரிசு போட்டா அந்த மயிரளவு கிட்டும். அதுக்குப் பகரம் நிதானம் போவும். அன்னைக்கும் இதத்தான் சொன்னேன்" என்றான். திரும்பி வரும்போது சந்திப்பில் நெரிசலில் நின்றோம். எஞ்சின் இருமாமல் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் வெளியே பார்த்துக்கொண்டு இருந்தான்.

இறங்கும்போது, இதை உன்னிடம் அவனே சொல்கிறானா என்று கேட்டேன். "நீங்கதான் சொல்லணும்" என்றான். "நான் சொன்னா அவன் நம்ப மாட்டான்."

பெரிய த்ராட்டில் பாடி தேவைப்படும் வண்டியே கிடையாது என்று நான் சொல்லவரவில்லை. பெரிய பம்பு வைத்த வண்டிக்குத் தேவைப்படலாம். அது உனக்கும் தாசையனுக்கும் தெரிந்த விஷயம். என் ஆற்றாமை வேறு. ஒரு வண்டி ஏறவில்லை என்றால் ஒருவன் உள்ளே உட்கார்ந்து மிதிக்கவேண்டும், இன்னொருவன் எஞ்சின் பக்கம் நின்று தகடு எதுவரை திறக்கிறது என்று பார்க்கவேண்டும். ரெண்டு பேர் சேர்ந்து ரெண்டு நிமிடம் செய்கிற காரியம். நீயும் அவனும் ஒரே ஒரு தடவை அதைச் செய்திருந்தால் என் திருட்டு அன்றே பிடிபட்டிருக்கும். நீ கம்ப்யூட்டரில் ராத்திரி பகலாக வாசித்தாய், அவனைத் திட்டினாய், புதுச் சாமான் வாங்கினாய், இந்த ரெண்டு நிமிடம் மட்டும் செய்யவில்லை. இனிமேல் உன்னை நம்பி வண்டியைக் கொண்டுவருகிறவர்களுக்காவது செய். இருக்கிற சாமானைக் குற்றம் சொல்வதற்கு முன்னால், அதை முழுக்க வேலை செய்ய விட்டிருக்கிறோமா என்று பார். எதையாவது பெரிதாக மாற்றிவிட்டுப் பலன் கிடைத்தால், அதே நாளில் வேறு ஏதாவது மாறியதா என்றும் கேள். வீட்டில் உள்ளவர்களிடமும் கேள். அப்பன் என்று விட்டுவிடாதே.

நீ என்னிடம் எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் அது நியாயம்தான். உன் அம்மையிடம் பேசு, அவள் இந்தப் பாவத்தில் இல்லை. சின்ன த்ராட்டில் பாடி வண்டியிலேயே இருக்கிறது. வந்து நீயே ஓட்டிப் பார், நான் சொல்வதை நம்பாதே. ஆனால் ஓட்டுவதற்கு முன்னால் மார்த்தாண்டத்தில் இறங்கு. எட்டு மணிக்குத் தாசையன் கடையைத் திறந்துவிடுவான். முன்பு அவனைத் திட்டியபோது நாலு பேர் நின்றார்கள், இப்போதும் நாலு பேர் நிற்கிற நேரமாகப் பார்த்துப் போ. நான் கூட வரவேண்டும் என்றால் வருவேன், முதலில் பேசவேண்டியவன் நான்தான். உன் கடைத் திறப்புக்கு வருவதைப் பற்றி உன் அம்மையும் நானும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். தாசையனை நீ நேரில் போய் அழைக்கவேண்டும். அவன் வருகிறேன் என்று சொன்னபிறகு எங்களைக் கூப்பிடு.

இப்படிக்கு,
முன்பே சொல்லியிருக்க வேண்டிய
உன் அப்பா